நாலு விரல் திண்டு

சம்பத்து, நீ அனுப்பிய போட்டோ வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் ஜன்னல் வழியாகத் தையல் மெஷின் மேலேயே போட்டுவிட்டுப் போனார். அந்தப் பெரிய சிவப்பு சைக்கிளின் நடுக்கம்பிக்கு இரண்டு பக்கமும் காலைப் போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். எனக்கு உன் சிரிப்பு முதலில் கண்ணில் படவில்லை. உன் காலைத்தான் பார்த்தேன். இரண்டு குதிகாலும் தரையில் இல்லை. பிறகு தோளைப் பார்த்தேன். இடது தோள் காதுப் பக்கம் ஏறியிருக்கிறது. முப்பது வருடமாக ஊர்ப் பெண்களின் தோளையும் கழுத்தையும் அளந்து ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் நான். எந்தத் தோள் சும்மா ஏறியிருக்கிறது, எது இழுபட்டு ஏறியிருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு மேல் அன்றைக்கு வேலை ஓடவில்லை. கொக்கி வைக்க வேண்டிய நாலு ஜாக்கெட்டையும் அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாய். ஐப்பசி மாதம் வடக்கே மலையில் எட்டு நாள் சைக்கிள் பந்தயம். ஒவ்வொரு நாளும் ஒரு ஊரிலிருந்து புறப்பட்டு, மண் பாதையிலும் கல்லிலும் ஏறி இறங்கி, சாயங்காலம் இன்னொரு ஊர். மறுநாள் அங்கிருந்து மறுபடி. இதைக் கேட்டு நான் பயப்படவில்லை. நீ மூன்று வருடமாக பெங்களூரில் விடியற்காலையில் எழுந்து ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறாய். உன் மேனேஜர் அமெரிக்கா போகிறார், போகிறபோது அவருடைய வெளிநாட்டு மலை சைக்கிளை உனக்குச் சும்மாவே கொடுக்கிறார் என்றாய். "பெரிய மனசு பண்ணி தராரும்மா, வேணாம்னு எப்படிச் சொல்றது? சைஸ் கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். ஹேண்டில்பாரைக் கிட்ட கொண்டுவர்ற மாதிரி குட்டை ஸ்டெம் போட்டுக்கலாம். சீட்டை முன்னாடி தள்ளிக்கலாம். அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா" என்றாய். பிறகு சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். "இந்த வாட்டி மூணாம் நாள் எறங்கிட மாட்டேம்மா. எட்டு நாளும் முடிச்சிட்டுத்தான் வருவேன்." நானும் சிரித்த மாதிரி ஏதோ சொல்லி வைத்தேன். போனை வைத்த பிறகு மெஷின் பெட்டியைத் திறந்து, அடியில் பத்து வருடமாகக் கிடக்கிற ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு மூடினேன்.

எனக்குச் சைக்கிளைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பாய். நீ சொல்லிக் கொடுத்ததுதான் தெரியும். பொங்கலுக்கு வந்தபோது செருப்பில்லாமல் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, கெட்டி அட்டை போட்ட டிக்‌ஷனரியைக் கால் இடுக்கில் நெருக்கி வைத்துக்கொண்டு, "இங்கேர்ந்து தரை வரைக்கும் அளம்மா" என்றாய். பக்கத்து வீட்டுக் கோமதி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, புள்ளைக்கு பாவாடை தைக்கிறியா?" என்று கேட்டுச் சிரித்தாள். இருபத்தொன்பதரை அங்குலம். என் அளவு நோட்டில், கல்யாணப் பெண்களின் அளவுகளுக்கு நடுவே, உன் பெயரையும் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். கை நீளமும் எழுதியிருக்கிறேன், முதுகு நீளமும் எழுதியிருக்கிறேன். காலை ஊன்றி நின்றால் கம்பிக்கும் உடம்புக்கும் நடுவில் மூன்று நாலு விரல் இடைவெளி இருக்க வேண்டும், மேட்டில் திடீரென்று இறங்கினால் அடிபடக் கூடாது என்றாய். மிதி கீழே போகிறபோது முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். கைப்பிடி எட்டாத தூரத்தில் இருந்தால் பாரமெல்லாம் கழுத்துக்கும் உள்ளங்கைக்கும் போய்விடும். சைக்கிள் சட்டம் உன் உடம்புக்குப் பதினைந்து அங்குலம், மிஞ்சினால் பதினாறு என்று நீயே கணக்குப் போட்டாய். இப்போது உன் மேனேஜர் கொடுப்பது பத்தொன்பது. அவர் ஆறடி ஆள். நீ உன் தாய்மாமன் மாதிரி ஐந்தடி நாலங்குலம். அவர் என்னதான் பெரிய மனசு பண்ணினாலும் அவர் காலை வெட்டி உனக்கு ஒட்ட முடியாதே.

நம் ஊருக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் நம் வீட்டிலேயே ஜாக்கெட்டும் கொடுத்துவிட்டுப் போவதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். தைத்ததைப் போட்டுப் பார்க்கிற பெண் கண்ணாடி முன்னால் விறைப்பாக நிற்பாள். "சரியா இருக்குதுக்கா" என்பாள். நான் விடமாட்டேன். கையைத் தூக்கு, மாலை போடுகிற மாதிரி. குனி, காலில் விழுகிற மாதிரி. இப்போது கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் என்னோடு பேசு. அப்போதுதான் அக்குள் பிடிக்கிறது, முதுகு தூக்குகிறது என்று முகம் சுளிப்பாள். நிற்பதற்காக யாரும் ஜாக்கெட் போடுவதில்லை, மணையில் மூன்று மணி நேரம் புகையில் உட்காரத்தான் போடுகிறார்கள். கொஞ்சம் இறுக்கம் என்றால் உள்ளே விட்டு வைத்த தையலைப் பிரித்துச் சரி செய்யலாம். அரை அங்குலத்துக்கு அதுதான் வழி. ஆனால் வெட்டே தப்பென்றால் என்ன பிடித்தாலும் என்ன பிரித்தாலும் அது இன்னொருத்தி உடம்புக்கு வெட்டிய துணிதான். இதைத் தொழிலில் முதல் வருடமே தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டும் உன் விஷயத்தில் மட்டும் மறந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பத்து வருடமாகச் சொல்லாமல் இருந்தது. எனக்கு அலுத்துவிட்டது, சம்பத்து. இனிமேல் இதைத் தூக்கிக்கொண்டு நடக்க என்னால் முடியாது.

உனக்குப் பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்திருந்தாய். அந்த வருடம் வைகாசி உற்சவத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, படுத்துவிட்டார். பெருமாள் வாகனத்தைத் தோளில் தூக்குகிற தண்டில், முன்னால் இடது பக்கம் அவருடைய இடம். அதற்கு முன்னால் அவருடைய அப்பாவுடையது. பட்டுக் கடையில் நாளெல்லாம் புடவை மடித்து வைக்கிற மனிதர், வருடத்தில் அந்தப் பத்து நாள்தான் நிமிர்ந்து நடப்பார். வீட்டிலிருந்து ஆள் வராவிட்டால் அந்த இடம் வேறு வீட்டுக்குப் போகும். அவர் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "நான் போறம்பா" என்று நீதான் சொன்னாய். உன்னை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தூக்குகிறவர்களுக்கெல்லாம் தலைவராக இருந்த ராஜு அண்ணன் உன்னைச் சுவர் ஓரமாக மற்றவர்களோடு நிற்க வைத்து, எல்லார் தோள் மேலும் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு குளத்தங்கரையில் யாரையோ கூப்பிடச் சொல்லி உன்னை அனுப்பினார். உனக்கு அது ஞாபகம் இருக்காது. உன்னை அனுப்பியதே என்னிடம் தனியாகப் பேசத்தான்.

"நாலு விரக்கடை கம்மியா இருக்குதுமா. புள்ள நல்ல புள்ளதான், ஆனா இந்த வரிசைக்கு ஒத்துவர மாட்டான். பின்னாடி வேற வாகனத்துல பாத்துக்கலாம், இல்ல ரெண்டு வருசம் போகட்டும்" என்றார். நான் அவரிடம் கெஞ்சினேன். தோளுக்குத் திண்டு வைத்துத் தருகிறேன், உயரம் சரியாகிவிடும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "திண்டு அரை விரல், ஒரு விரலுக்குத்தாம்மா. நாலு விரலுக்கு வெச்சா அது தோள்ல உக்காராது, கழுத்துக்கு ஏறும். ஒரு நாள் தாங்கும். பத்து நாள் நடக்கணுமே." அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் தையல்ல ஏறாதுண்ணா." அவ்வளவு திமிர் எனக்கு. ஊரில் என் கைவேலையைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் புகழ்ந்திருந்தார்கள், அது தலைக்கு ஏறியிருந்தது. அவர் "உங்க இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இந்தப் பேச்சு அப்பாவுக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. ராஜு அண்ணனும் இப்போது இல்லை. தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

இரண்டு நாள் உட்கார்ந்து அந்தத் திண்டைத் தைத்தேன். உள்ளே பழைய வேட்டியை மடித்து மடித்து வைத்து, மேலே பஞ்சு, அதற்கு மேல் அரக்குப் பட்டு வெட்டுத்துணி. நாலு விரல் உயரம், விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள், சுவர்ப் பக்கம் படுத்திருந்த அப்பா மட்டும் பார்க்கவில்லை. முதல் நாள் நீ நன்றாகத்தான் நடந்தாய். இரண்டாம் நாள் பஞ்சு அமுங்கிவிட்டது. மத்தியானம் நீ சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது, பிரித்து இன்னொரு மடிப்பு வேட்டியைத் திணித்தேன். எழுந்து கழுத்தைத் தடவிக்கொண்டே, "இங்க ஒரு மாதிரி இழுக்குதும்மா" என்றாய். புதுசுக்கு அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றேன். மூன்றாம் நாள் கருட சேவை. ஊரே தெருவில் நின்றது. நான் கங்கைகொண்டான் மண்டபத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நீ வருகிறபோதே தெரிந்தது, தலை வலது பக்கம் சாய்ந்திருந்தது, நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தாய். திண்டு தோளை விட்டுக் கழுத்துக்கு ஏறியிருந்தது. திருப்பத்தில் உன் கால் பின்னியது. வாகனம் ஒரு பக்கம் சரிந்த மாதிரி ஆட, கூட்டம் "ஐயோ" என்று கத்தியது. வேறொருவர் ஓடிவந்து தோள் கொடுத்தார். நீ வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

வீட்டுக்கு வந்து காபி டம்ளரை உன் இடது கையில் கொடுத்தேன். பிடிக்க முடியாமல் கீழே விழுந்தது. டாக்டர் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். அப்பா படுத்த இடத்திலிருந்தே, "மூணு நாள் தாங்கலியே, என் தோள் எங்க, இவன் தோள் எங்க" என்றார்.  நீ என் பக்கம் திரும்பி, "என்னால முடியலம்மா, எனக்கு அவ்ளோ பலம் இல்ல போல" என்றாய். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தப்பு உன் தோளில் இல்லை, என் ஊசியில் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்பா என்ன சொல்வாரோ என்று பயந்தேன். அதைவிட, என் தையல் தோற்றது என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் ராஜு அண்ணன் உன்னைப் பார்க்க வந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "புள்ளைக்கு ஒத்தடம் குடுமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆடி மாதம் நீ காலேஜுக்குப் போனாய். அதற்குப் பிறகு ஒரு வைகாசிக்கும் நீ ஊருக்கு வந்ததில்லை. பொங்கலுக்கு வந்தாலும் கோயில் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறாய். அப்பாவும் நீயும் மழையைப் பற்றியும் பஸ் நேரத்தைப் பற்றியும் பேசிக்கொள்கிறீர்கள். அவர் உன்னிடம் வேறு ஒன்றும் கேட்டதில்லை.

இப்போது புரிகிறதா, நீ போனில் "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா" என்றபோது நான் ஏன் அந்தப் பெட்டியைத் திறந்தேன் என்று? குட்டை ஸ்டெம்மும் முன்னே தள்ளின சீட்டும் நான் தைத்த திண்டுதான். ஒரு நாள் ஓட்ட அது போதும், பெங்களூரைச் சுற்றிவிட்டு வந்து நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்வாய். ஆனால் சீட்டை முன்னே தள்ளினால் முட்டி வலிக்கும், குட்டை ஸ்டெம் போட்டால் இறக்கத்தில் சைக்கிள் பேச்சைக் கேட்காது என்று நீயே பொங்கலன்று எனக்கு வகுப்பெடுத்தாய். கொஞ்சம் பொருந்தாதது முதல் நாள் தெரியாது. நேற்றைய வலி மேல் இன்றைய வலி உட்காரும்போதுதான் தெரியும். மூன்றாம் நாள் உன் இடது கை மரத்துப்போகும். பொங்கலன்று கரும்பு வெட்டும்போது நீ இரண்டு தடவை அந்தக் கையை உதறினாய், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். மலை இறக்கத்தில் அந்தக் கைக்கும் ஒரு பிரேக் இருக்கிறது. நான் அன்றைக்குக் கொடுத்த டம்ளர் தரையில்தான் விழுந்தது. நீ விழுந்தால் எங்கே விழுவாய்?

அதனால் சொல்கிறேன், அந்தச் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிடு. மரியாதையாகச் சொல், சார், உங்க அன்புக்கு நன்றி, ஆனா இது என் அளவு இல்லை என்று சொல். கௌரவத்துக்காக அடுத்தவர் அளவை வாங்கிக்கொள்வது நம் வீட்டு வியாதி. அது என்னோடு போகட்டும். உன் அளவுச் சைக்கிளாகத் தேடு. பெயர் பெரியதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கடையில் ஏறி உட்கார்ந்து கண்ணாடிக் கதவில் உன்னைப் பார்த்துக்கொண்டு முடிவு பண்ணாதே. கேட்டு வாங்கி, பந்தயத்துக்கு முதுகில் என்ன மூட்டை தூக்குவாயோ அதையும் மாட்டிக்கொண்டு, மேடும் பள்ளமும் இருக்கிற இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டு. மறுநாளும் அதே நேரம் ஓட்டு. எங்கே முதலில் வலிக்கிறது என்று பார். சீட்டை விரல் அளவு ஏற்றி இறக்கு, கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பு. அதில் தீர்ந்தால் வாங்கு. அதற்கு மேல் ஒட்டுப் போட வேண்டியிருந்தால் இறங்கி வந்துவிடு, கடைக்காரன் என்ன சொன்னாலும் சரி. பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. நானும் அப்படித்தான் சொன்னேன்.

பலம் இல்லாதவன் என்று நீ இவ்வளவு காலம் உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதை நிரூபிக்கத்தான் எட்டு நாள் மலை ஏறப் போகிறாயோ என்று எனக்குச் சந்தேகம். நிரூபிக்க ஒன்றும் இல்லை, கண்ணா. மூன்று நாள் நீ தாங்கியதை அந்த வரிசையில் யாராலும் தாங்கியிருக்க முடியாது. உனக்குப் பிடித்திருந்தால் போ, ஆசைக்காகப் போ. என்னை மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

இதை எழுதி முடித்ததும் தபாலில் போடத்தான் கிளம்பினேன். பிறகு, உனக்குச் சொல்லிவிட்டு அவருக்குச் சொல்லாமல் இருப்பது நியாயம் இல்லை என்று பட்டது. அப்பா கடையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, மெஷின் பெட்டியிலிருந்து அந்தத் திண்டை எடுத்து அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையை அலம்பிவிட்டு வந்து அதை எடுத்துப் பார்த்தார். நாலு விரலை வைத்து அளந்து பார்த்தார். "இத வெச்சிக்கினா மூணு நாள் நடந்தான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இன்னாத்துக்கு இத்தினி வருசம் வாய மூடிக்கினு இருந்த?" என்றார்.   அவருக்கு என் மேல் கோபம் இருக்கிறது, இருக்கட்டும். பிறகு மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உன் போட்டோவைக் கையில் எடுத்தார். "குதிகால் எட்டல பாரு" என்றார். "அவன் அளவுக்கே வாங்கச் சொல்லு."

புதுச் சைக்கிள் வாங்கினதும் இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பு. இரண்டு குதிகாலும் தரையில் படிந்திருக்க வேண்டும், இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்பா கேட்கிறார்.

அம்மா